கோட்டையூர் வீட்டுப் பின்பக்கம் மர டெக் போடணும், ஆள் எப்படிப் பிடிக்கிறது?

கோட்டையூரான்:
எல்லாருக்கும் வணக்கம். ஊர்ல எங்க ஐயா காலத்து வீடு, பின்கட்டு தாண்டுனா கிணத்தடி, அதுக்குப் பக்கத்துல ஒரு வேப்பமரம். ஆத்தாவுக்கு 78 வயசு, எங்ககூட ஊருக்கு வர்றப்ப சாயங்காலம் அந்த மரத்தடியில போய் உக்காரணும்னு ஆசை, ஆனா வாசப்படி ரெண்டு அடி உயரம், இறங்குனா ஏற முடியல. அதனால படி மட்டத்துக்கே 12க்கு 10 அடியில மர டெக், அதாவது பலகை மேடை ஒண்ணு போட்டுடலாம்னு பாக்குறேன். காரைக்குடியில ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். ஒருத்தர் டபிள்யூபிசி பலகை (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது), எல்லாம் அவர் பொறுப்பு, மொத்தமா காண்ட்ராக்ட்ங்கிறார். இன்னொருத்தர் வயசான ஆசாரி, மரம் நீங்க எடுத்துக் குடுங்க, நாள் கூலிக்கு செய்றேன்னு சொல்றார். நான் இருக்கிறது சென்னையில, வருஷத்துல பிள்ளையார் நோன்புக்கும் கல்யாணம் காதுகுத்துக்கும்தான் வர்றோம். யார்கிட்ட குடுக்கலாம், போட்ட பிறகு அதை யார் பாத்துக்கிறது, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பள்ளத்தூர் வளவு:
அண்ணே, நான் பட்டதைச் சொல்றேன், அவசரப்படாதீங்க. எங்க வீட்டுத் தோட்டத்துல மொத்த காண்ட்ராக்ட்தான் குடுத்தோம். மேல தேக்குப் பலகை, பாக்க அவ்வளவு அழகு, எல்லாரும் வந்து போட்டோ எடுத்தாங்க. மூணாவது வருஷம் ஒரு ஓரத்துல கால் வச்சா லேசா அமுங்குது. பலகை ஒண்ணைக் கழட்டிப் பாத்தா, செங்கல் காலு மேல விரல் தடிமன்ல செம்மண் கோடு ஏறிப்போய் சட்டத்துக்குள்ள நுழைஞ்சிருக்கு. ஸ்க்ரூ டிரைவரை வச்சு அழுத்துனேன், கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. மேல தேக்கு, கண்ணுக்குத் தெரியாத அடிச்சட்டம் பூரா மாமரம்! ஒப்பந்தப் பேப்பர்ல தேக்கு டெக்னு மட்டும்தான் எழுதியிருந்தோம், சட்டம் என்ன மரம்னு எழுதவே இல்ல, போய்க் கேட்டா நீங்க கேக்கலையேன்னுட்டாங்க. இன்னைக்கு நினைச்சாலும் வயித்தெரிச்சல்.

அதனால யார்கிட்ட குடுத்தாலும் அடிச்சட்டம் என்ன மரம், என்ன கனம், எத்தனை இன்ச்சுக்கு ஒண்ணு, ஸ்க்ரூ என்ன ரகம்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. சட்டத்தைப் பூட்டி முடிச்சதும் பலகை போடுறதுக்கு முன்னாடி நீங்களே நேர்ல வந்து பாருங்க, அந்த ஒரு நாளுக்கு லீவு போட்டாலும் தகும். அவர் முன்னாடி செஞ்ச வேலையில ரெண்டு மழைக்காலம் தாண்டுன இடமா காட்டச் சொல்லி குனிஞ்சு அடியிலயும் பாருங்க. புதுசா போட்டதைப் பாத்து ஒண்ணும் தெரியாது.

இழைப்புளி:
நான் மரவேலைக்காரன், தேவகோட்டைப் பக்கம். டபிள்யூபிசி மோசம்னு சொல்லல, ஆனா சித்திரை வெயில்ல வெறுங்காலோட நிக்க முடியாது, பெரியவங்க நடக்கிற இடம் வேற, யோசிச்சுக்கங்க. அதுலயும் கீழ மரச்சட்டம் போட்டா கரையான் அதைத்தான் திங்கும், ஜிஐ பாக்ஸ் பைப்தான் (துத்தநாகம் பூசுன சதுர இரும்புக் குழாய்) போடணும்.

மரமா போட்டா கணக்கு இப்படி. நீளம் அடியில, அகலமும் கனமும் இன்ச்சுல பெருக்கி 144ஆல வகுத்தா கன அடி. 120 சதுர அடிக்கு ஒரு இன்ச் பலகைன்னா 10 கன அடி, ஆனா இழைச்ச பிறகு ஒரு இன்ச் நிக்கணும்னா ஒன்னேகாலா அறுக்கணும், அப்ப 12.5 ஆயிடும். 4க்கு 2 சட்டம் பத்தடி நீளத்துல 16 இன்ச்சுக்கு ஒண்ணுன்னு பத்து வரும், அது அஞ்சரை கன அடி. கீழ தாங்குற உத்திரமும் கழிவும் தனி. இந்தக் கணக்கு கையில இருந்தா மரக்கடையில யாரும் உங்களை ஏமாத்த முடியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இடிச்ச வீட்டு மரச்சாமான் நிறைய வருது, பழைய பர்மா தேக்கு கிடைச்சா நல்லா காஞ்ச மரம், திருகாது. உள்ள பழைய ஆணி இருக்கும், வாள் பல்லு போயிடும், பிடுங்கிட்டுத்தான் அறுக்கணும், அந்தக் கூலியைச் சேத்துக்கங்க. பழசோ புதுசோ, வைரம் பாஞ்ச பகுதிதான், அதாவது நடுவுல இருக்கிற கெட்டி மரம்தான் வேணும், ஓரத்து வெள்ளையைக் கழிச்சுடணும், தேக்கே ஆனாலும் வெள்ளையைக் கரையான் விடாது.

பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு ஆணியை நிறுத்தி வச்சு அந்த இடைவெளி விட்டுப் பூட்டச் சொல்லுங்க, 4, 5 மில்லி போதும், தண்ணி நிக்காது. ஸ்க்ரூ 304 எஸ்எஸ், அதாவது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பு போட்டா துருப்பிடிச்சு தேக்குல கருப்புக் கறை இறங்கிடும், லேசுல போகாது.

கோட்டையூரான்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கரையான் மருந்து அடிச்சுட்டா போதாதா? ஒரு கம்பெனில ஐஎஸ் 6313 (கரையான் தடுப்புக்கான இந்தியத் தர விதி) முறைப்படி செய்றோம்னு சொன்னாங்க.

பள்ளத்தூர் வளவு:
அண்ணே, கிணத்தடிக்குப் பக்கம்னு சொன்னீங்களே! அந்தத் தண்ணியைக் குடிக்கிறீங்களோ இல்லையோ, கிணத்துப் பக்கத்து மண்ணுல மருந்தை இறக்காதீங்க, ஊறி உள்ள போயிடும். அதுக்குப் பதிலா செங்கல் காலே வேணாம், கருங்கல் கால் நடுங்க, படி மட்டம் இடம் குடுக்கிற வரைக்கும் உயரமா நிக்கட்டும், கல்லுக்கும் மரத்துக்கும் நடுவுல தார் ஷீட் வைங்க. கல்லு மேலயும் கரையான் ஏறும், ஆனா வழவழன்னு வெளுத்த கல்லுல மண் கோடு தூரத்துலயே தெரியும், அன்னைக்கே தட்டி விட்டுடலாம். அடியில காத்து போகணும், நாலு பக்கமும் அடைச்சு அழகு பண்ணுறேன்னு சொன்னா விடாதீங்க.

கானாடுகாத்தான் மருமகள்:
பராமரிப்பு பத்தி நான் சொல்றேங்க அண்ணே. உங்க வீட்டைப் பாத்துக்கிறவங்களுக்கு மாசம் குடுக்கிற சம்பளத்துலயே இதையும் பாத்துக்கங்கன்னு சொல்லிடாதீங்க, செய்ய மாட்டாங்க, அவங்க மேல தப்பும் இல்ல. நாங்க எங்க திண்ணைத் தூணுக்கும் பின்கட்டு மரத்துக்கும் வேலை செஞ்ச ஆசாரியையே வருஷம் ரெண்டு நாள் கூலிக்குப் பேசி வச்சிருக்கோம். புரட்டாசியில ஒரு நாள், மழைக்கு முன்னாடி வேப்பிலைச் சருகைக் கூட்டி, இடைவெளியில அடைச்சதைக் குத்தி எடுத்து, ஆளிவிதை எண்ணெயில டர்பன்டைன் கலந்து துணியால தேய்ப்பார், பலகையோட வெட்டு முனைக்கு ரெண்டு தடவை. தையில ஒரு நாள் ஸ்க்ரூ, கல் கால் எல்லாம் பாத்து எங்களுக்கு வீடியோ கால்ல காட்டுவார். வார்னிஷ் வேணாம், வெயிலுக்கு உரிஞ்சு வந்துடும், அப்புறம் பூரா சுரண்டணும். முக்கியமா அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, தானாவே சூடேறித் தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப்போடணும், இல்ல தண்ணி வாளியில முக்கி வைக்கணும். பூட்டுன வீடு, யாரும் பாக்க மாட்டாங்க.

இழைப்புளி:
அவங்க சொல்றது சரி. அந்த வயசான ஆசாரிகிட்டயே குடுங்க, ஆனா நாள் கூலி வேணாம், நீங்க பக்கத்துல இல்ல, மரம் உங்களது, கூலி மட்டும் மொத்தமா பேசிக்கங்க. சட்டம் முடிஞ்சா ஒரு பங்கு, பலகை முடிஞ்சா ஒரு பங்கு, பத்துல ஒரு பங்கை மட்டும் முதல் மழை கழிஞ்சு தர்றேன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, கடைசியில சொன்னா மனசு கஷ்டப்படும். கூட அவர் பையனோ சிஷ்யனோ வர்றாங்களான்னு கேளுங்க, பத்து வருஷம் கழிச்சு வந்து பாக்கப்போறது அவங்கதான்.

கோட்டையூரான்:
பேசிட்டேன். மகன் கூட வேலைக்கு வர்றாராம். தை பொறந்ததும் ஆரம்பிச்சு மாசிக்குள்ள முடிச்சுத் தர்றேன்னார். வருஷம் ரெண்டு நாளைக்கும் ஒத்துக்கிட்டாங்க, அதையும் அதே பேப்பர்ல எழுதியாச்சு. அவரே ஒண்ணு கேட்டார், ஆத்தா கைப்பிடிச்சு நடக்க வாசல்ல இருந்து வேப்பமரம் வரைக்கும் ஒரு பக்கம் கம்பி வேணுமே, என்ன உயரம்னு. எனக்கு அது தோணவே இல்ல. ஆத்தாவை நிக்க வச்சு மணிக்கட்டு உயரம் அளந்து அனுப்பியிருக்கேன்.