தண்டுவடக் காய ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள், சேர முயன்றவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சி6, எட்டாவது வருடம்

போன மாதம் ஓர் ஆய்வை முடித்துவிட்டு வந்தேன். (புதியவர்களுக்கு: சி என்றால் கழுத்துப் பகுதியில் காயம், டி என்றால் அதற்குக் கீழே நெஞ்சு மட்டத்தில். எண் கூடக்கூடக் காயம் கீழே இருக்கும்.) தனித்தனியாகப் பலர் கேட்டுவிட்டீர்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் எழுதுங்கள். சேர்ந்து பயனில்லாமல் போனவர்கள் கட்டாயம் எழுதுங்கள், அந்தக் கதைதான் எங்கு தேடினாலும் கிடைப்பதில்லை.

என்னுடையது தோலுக்கு மேலிருந்தே தண்டுவடத்துக்கு மின்தூண்டல் கொடுக்கும் ஆய்வு. ஆபரேஷன் கிடையாது. பிடரியில் காயத்துக்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை ஒட்டுவார்கள். கரண்ட் ஏற ஏறக் கழுத்திலும் தோளிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், வலி இல்லை. ஆனால் முதல் இரண்டு மாதம் அந்தக் கரண்டே கிடையாது, வெறும் கைப்பயிற்சி. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கடுப்பாக இருந்தது. அடுத்த இரண்டு மாதம் அதே பயிற்சி, கரண்டோடு. பயிற்சியால் வந்தது எவ்வளவு, கரண்டால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று பிறகு புரிந்தது.

சி6காரர்களுக்குத் தெரியும், நமக்கு விரல் மடங்குவதே ஒரு தந்திரம். மணிக்கட்டை மேலே தூக்கினால் தசைநார் இழுபட்டு விரல்கள் தானாக மடங்கும். எட்டு வருடமாக அந்தப் பிடியில்தான் ஓட்டினேன். கரண்ட் ஆரம்பித்து ஆறாவது வாரம், தட்டிலிருந்து கோலிக்குண்டு எடுக்கும் பயிற்சி. மணிக்கட்டு மேசையிலேயே கிடக்க, கட்டைவிரல் நகர்ந்து ஆள்காட்டி விரலில் போய் அழுந்தியது. கோலி நழுவிக் கீழே விழுந்துவிட்டது. பரவாயில்லை, எதிரில் இருந்த பிசியோவும் அதைப் பார்த்தார்.

இப்போது யூரின் எடுக்கும் கத்தீட்டர் குழாயின் பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பதில்லை. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், ஆனால் ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை கிடைக்கிறது. கரண்ட் நின்ற பிறகு பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, முழுக்கப் போய்விடவில்லை.

இதே வழிமுறையில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2024 மே மாதம் வந்தது. காயம்பட்டு ஒரு வருடமாவது ஆன 60 பேர், அதில் 72 சதவீதம் பேருக்குக் கைவலுவும் கை வேலையும் இரண்டுமே கூடியிருந்தன. காயம்பட்டு 34 வருடம் ஆனவருக்கும் மாற்றம் இருந்தது. அந்தக் கருவிக்கு அந்த டிசம்பரிலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. மீதி 28 சதவீதமும் அதே நான்கு மாதம் உட்கார்ந்து பயிற்சி செய்தவர்கள்தான் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

டி4 முழுக்காயம், மகன், இரண்டாவது வருடம் (அம்மா எழுதுகிறேன்)

தம்பி எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். கத்தீட்டர் பாக்கெட் என்றதும் சிரித்தான்.

எங்களை ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டது விபத்து நடந்த மறுநாள் இரவு. ஐசியு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு டாக்டர் தடிமனான ஒப்புதல் படிவத்தோடு வந்தார். ஒரு பாதிப் பேருக்கு மருந்து, மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரை, யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கே தெரியாது என்றார். அவர் நிதானமாகத்தான் சொன்னார், என் காதில்தான் ஏறவில்லை. "என் பிள்ளைக்கு வெறும் மாத்திரையைக் கொடுப்பீர்களா" என்று கத்திவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை. அதற்கு அப்புறம் ஒரு வருடம், போட்டிருந்தால் எழுந்திருப்பானோ என்று நினைக்காத ராத்திரி கிடையாது.

அந்த நினைப்புதான் என்னை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. ஸ்டெம்செல் ஊசி போடும் ஓர் இடம், பெயர் வேண்டாம். போனிலேயே தேதி கொடுத்தார்கள். பழைய ஸ்கேன் அனுப்பவா என்று கேட்டேன், வரும்போது கொண்டுவந்தால் போதும் என்றார்கள். இதுவரை எத்தனை பேருக்குப் போட்டீர்கள், அதில் எத்தனை பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மகன் கேட்கச் சொன்னான். பதிலுக்கு நாலு வீடியோ வந்தது. அதில் எழுந்து நின்றவர்களெல்லாம் தன்னைவிட ரொம்பக் கீழே, இடுப்புப் பக்கம் காயம்பட்டவர்கள் மாதிரி இருந்தது என்று அவனே சொன்னான்.

போகவில்லை. மூக்குத் திசுவை எடுத்துத் தண்டுவடத்தில் வைத்த ஒரு பெண்ணுக்கு எட்டு வருடம் கழித்து அங்கே சளி சுரக்கும் கட்டி வளர்ந்து, அதை வெட்டி எடுத்ததாக 2014இல் ஒரு மருத்துவ அறிக்கை வந்திருக்கிறது. அதைப் பிறகுதான் படித்தேன், படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பிசியோ, ஆய்வுகளில் மதிப்பீட்டாளராகவும் வேலை செய்கிறேன்

அம்மா, அந்த மாத்திரைக் குற்ற உணர்ச்சியை இறக்கி வைத்துவிடுங்கள். அந்த மருந்து எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் காயம்பட்ட முதல் சில மணி நேரத்திலேயே ஆரம்பிக்கும் ரிலுசோல் மாத்திரையை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 2023இல் வந்தது, முதன்மை இலக்கை அது எட்டவில்லை. நரம்பு வளர்வதைத் தடுக்கும் நோகோ என்ற புரதத்தை மறிக்கும் ஊசி இன்னொன்று. ஜூரிக்கில் மார்ட்டின் ஷ்வாப் 1980களில் தொடங்கிய வேலை அது. மனிதர்களில் 126 பேரை வைத்துப் பார்த்த முடிவு 2024 டிசம்பரில் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் கைவலுவில் வித்தியாசம் தெரியவில்லை. அரைகுறைக் காயம் (காயத்துக்குக் கீழே கொஞ்சமாவது உணர்வோ அசைவோ மிஞ்சியிருப்பது) உள்ளவர்களிடம் மட்டும் ஏதோ தெரிகிறது என்று அடுத்த சோதனைக்குப் போகிறார்கள்.

வெறும் மாத்திரை ஏன் வேண்டியிருக்கிறது என்றால், முதல் சில மாதங்களில் நிறையப் பேருக்குத் தானாகவே கொஞ்சம் திரும்பி வரும். முழுக்காயம் என்று முதல் வாரம் எழுதியவர்களில் சிலர் அரைகுறைக் காயமாக மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதுதான் வேலை செய்தது போலத் தெரியும். ஊசி வியாபாரம் நடப்பதே இந்த இடைவெளியில்தான்.

அளக்கிற ஆளும் சுத்தமில்லை, என்னையும் சேர்த்து. ஆசியா மதிப்பெண் என்பார்கள், கண்டம் இல்லை, தண்டுவடக் காயத்தை அளக்கும் முறை. உடம்பின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடம், பஞ்சால் ஒரு தடவை, சேஃப்டி பின் முனையால் ஒரு தடவை. பக்கத்துக்குப் பத்துத் தசைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, ஆக மொத்தம் 100. முழுக்காயமா இல்லையா என்பதை ஆசனவாயில் உணர்வாவது, நினைத்து இறுக்கும் பலமாவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்வோம். ஒரு பையனின் முழங்கால் தசைக்கு 1 போட்டேன். விரலுக்கடியில் துடித்தது என்று சத்தியம் செய்திருப்பேன். அவன் எந்தக் குழு என்று தெரியாத இன்னொருவர் மறுநாள் 0 போட்டார். எனக்கு அவன் குழு தெரிந்திருந்தது. அதற்கப்புறம் குழு தெரிந்த யாரையும் நான் அளப்பதில்லை.

டி10, பதினைந்தாவது வருடம்

நான் சேர முயன்று ரிஜெக்ட் ஆனவன். தண்டுவட உறைக்கு மேலே மின்முனைகளைப் பதிக்கும் ஆய்வு. 2011இல் அமெரிக்காவின் லூயிவில்லில் ஒருவர் அப்படி நின்ற நாளிலிருந்து இதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். 2018இல் ஒரே பருவத்தில் லூயிவில், மேயோ கிளினிக், ஸ்விட்சர்லாந்தின் லொசான் என மூன்று குழுக்கள் நடை பற்றி எழுதின. 2023இல் அந்த லொசானின் கூர்ட்டீன், பிளாக் குழு மூளையிலும் கருவி வைத்து, நினைத்தால் கால் எட்டு வைக்கும்படி செய்தது. விண்ணப்பத்தில் இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். வந்த பதில்: தொடை எலும்பின் அடர்த்தி குறைவு, நிற்கவைத்தால் முறியும். பதினைந்து வருடம் உட்கார்ந்தால் எலும்பு வேறென்ன செய்யும்?

எனக்கு நடக்க அவ்வளவு ஆசையும் இல்லை என்பது நேர்காணலில்தான் தெரிந்தது. "என்ன திரும்பி வந்தால் போதும்" என்று கேட்டார்கள். யூரின் என்றேன். கேட்டவர் பேனாவை வைத்துவிட்டார், அந்தக் கட்டம் படிவத்தில் இல்லை. 2004இல் கிம் ஆண்டர்சன், அவரே கழுத்துக்காயம் உள்ள விஞ்ஞானி, 681 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டார். கழுத்துக்காயக்காரர்கள் முதலில் சொன்னது கை. என்னைப் போல கை நன்றாக இருந்து கால் மட்டும் போனவர்கள் முதலில் சொன்னது தாம்பத்தியம். யூரின், மோஷன் இரண்டு பக்கமும் மேலேயே இருந்தது. நடை அந்தளவுக்கு மேலே வரவில்லை. பார்க்கிறவர்கள் மட்டும் இன்னும் "எப்ப நடப்பீங்க" என்றுதான் கேட்கிறார்கள்.

சி5, மூன்றாவது வருடம்

புதிதாகக் காயம்பட்டவர்களுக்கு ஒரே விஷயம். வேலை செய்யும் தோள், முழங்கை நரம்பின் கிளையை வெட்டி, செத்துக்கிடக்கும் கை நரம்பில் இணைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் செய்து, முழங்கை நீள்வதையும் விரல் பிடிப்பதையும் 2019இல் எழுதினார்கள். சில தசைகளுக்கு இது முதல் வருடத்துக்குள் நடக்க வேண்டும், தள்ளிப்போனால் தசை நரம்பை ஏற்காது. எனக்கு இதைச் சொன்னவர் பதினெட்டாவது மாதம் சொன்னார். ஆகவே ஆறாவது மாதத்துக்குள் கை அறுவை நிபுணர் ஒருவரை நீங்களாகவே கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

டி4, அம்மா

எல்லோருக்கும் நன்றி. மகன் அடுத்த வாரம் ஓர் ஆய்வுக்குத் தேர்வுக்குப் போகிறான், இந்தத் தடவை அவனே படிவத்தைப் படித்தான். சேஃப்டி பின் குத்திப் பார்க்கும்போது சரியாகத் தெரியாவிட்டால் என்ன சொல்வது என்று கேட்கிறான்.

சி6, எட்டாவது வருடம்

தெரியலன்னா தெரியலன்னு சொல்லச் சொல்லுங்கள் அம்மா. கண்ணை மூடச் சொல்லி, கூரா மொண்ணையா என்று கேட்பார்கள். முதல் நாள் எனக்குச் சுண்டுவிரலில் ஒன்றும் தெரியவில்லை. பிசியோ முகம் வாடக்கூடாது என்று குத்துமதிப்பாகக் கூர் என்றேன், அது சரியான பதிலாகிவிட்டது. நான்கு மாதம் கழித்து அதே விரலில் உண்மையைச் சொன்னேன். தாளில் பார்த்தால் எனக்குச் சுண்டுவிரல் மோசமாகியிருக்கிறது.