புதுப்பிப்பு: வகுப்பறை காஸ்ப்ளே படங்கள் எடுத்தாயிற்று

காஸ்ப்ளே என்றால் கதாபாத்திரம் போல உடையணிந்து வேடமிடுவது. அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பள்ளிக் காட்சிக்கு ஜன்னலோர மேசையை எப்படிப் படமெடுப்பது, விக் பளபளப்பை எப்படிக் குறைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். சனிக்கிழமை எடுத்து முடித்தோம். ஜன்னல் இடப்பக்கம் வரும்படி மேசையைத் திருப்பிப் போட்டதுதான் பெரிய மாற்றம். ஜப்பானிய வகுப்பறைகளில் வெளிச்சம் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்துதான் வரும். வலக்கையால் எழுதும்போது கை நிழல் தாளில் விழாது. அதைச் செய்ததுமே படத்துக்கு அனிமேக் களை வந்துவிட்டது! எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை பிடித்ததில் முகத்தின் இருட்டுப் பாதியும் தெளிந்தது. விக்கில் டால்கம் பவுடரைத் தூவிச் சீவினோம், பளபளப்பு அடங்கியது. செய்லர் காலர் (சீருடையில் மாலுமி உடை போல முதுகுப்பக்கம் விரியும் அகலக் காலர்) மட்டும் ஒவ்வொரு ஷாட்டிலும் மடங்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் உள்பக்கம் இரட்டைப் பக்க டேப் ஒட்டினோம், நின்றது. மாடிப்படிக் காட்சிக்கு நேரமில்லை. அதற்காகவே அடுத்த மாதம் மறுபடி கூடுகிறோம்.