விடிகாலை 4 மணிக்கு எழுந்தால்தான் மிருதங்கம் வருமா?

கியூர்பிப்_தொப்பி:
நேற்றுக் கோயில் மண்டபத்தில் ஒருவர் சொன்னது இன்னும் மனதை அறுக்கிறது. "மொரீசியஸ் பிள்ளைகளுக்குக் கை பேசாது, காலை 4 மணிச் சாதகம் (தினப் பயிற்சி) இல்லையே." நான் 22 வருடமாக வாசிக்கிறேன், ஒரு நாளும் 4 மணிக்கு எழுந்ததில்லை. ஜூலைத் தூறலில் இங்கே மிருதங்கத்தின் வலந்தலைத் தோல் (வலப்பக்கத் தோல்) தொய்ந்து கிடக்கும். கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கவே அரை மணி ஆகும். அப்புறம் எங்கே சாதகம்?

ரோஸ்ஹில்_வாத்தியார்:
சொன்னது நான்தான். நேராகவே எழுதியிருக்கலாம். தத் தி தொம் நம், இந்த நாலு சொல்லை மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) ஒரு வருடம் வாசித்தால்தான் விரல் பிரியும். 4 மணிக்கு எழாதவர் 'நம்' வாசித்தால் என் காதுக்குத் தெரிந்துவிடும்.

கியூர்பிப்_தொப்பி:
மறுபடி 4 மணி! 1993இல் உளவியலாளர் எரிக்சனின் குழு பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றி எழுதியது. சிறந்தவர்கள் 20 வயதுக்குள் தனியாகச் செய்த பயிற்சி, சராசரியாகச் சுமார் 10,000 மணி நேரம். அதிகம் வாசித்தது முற்பகலில். மதியம் தூங்கவும் செய்தார்கள்.

ரோஸ்ஹில்_வாத்தியார்:
வயலின்காரர்கள் தூங்கட்டும். நம் சம்பிரதாயத்துக்கு பெர்லினா சாட்சி?

மோக்கா_மாணவி:
நேரத்தை விடுங்கள். இங்கே பாதிப் பேர் சொற்கட்டை, அதாவது வாயால் சொல்லிக் கையால் வாசிக்கும் சொற்களை, பிரெஞ்சு எழுத்தில் குறித்துக்கொள்கிறார்கள். 'தரிகிட'வில் 'த'வுக்கும் 'ட'வுக்கும் ஒரே எழுத்து. வாயில் பிரியாதது கையில் எப்படிப் பிரியும்?

ரோஸ்ஹில்_வாத்தியார்:
இது என் வகுப்பைக் குத்துவதற்கா?

கியூர்பிப்_தொப்பி:
குத்தினால் என்ன? போன ஆண்டு விழாத் தனி ஆவர்த்தனத்தில் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதியில்) கோர்வை என்ற முடிவுக் கட்டை முடிக்கும்போது சமம் (தாளத்தின் தொடக்க அடி) தவறியது உங்கள் 4 மணி மாணவர்தானே?

ரோஸ்ஹில்_வாத்தியார்:
தாளம் போட்டது உங்கள் ஆள். அவர்தான் வேகம் கூட்டி ஓடினார்.

கியூர்பிப்_தொப்பி:
ஓடவில்லை. பதிவு என்னிடம் இருக்கிறது.

கத்ர்போர்ன்_இரவுப்பணி:
ஐயா, ஓட்டல் வேலை முடிந்து நான் வீடு சேர்வதே 4 மணிக்கு. தரிகிடவை மூன்றாம் காலத்துக்கு ஏற்றியது பேருந்தில், தொடையில் தட்டித் தட்டி. தினமும் தட்டினேன், அவ்வளவுதான்.

ரோஸ்ஹில்_வாத்தியார்:
தொடை மிருதங்கம் ஆகாது தம்பி.

கியூர்பிப்_தொப்பி:
தூறல் விழும் ஒரு நாள் 4 மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள் வாத்தியாரே. கதவைத் திறந்து வைக்கிறேன். உங்கள் 'நம்' கேட்போம்.

ரோஸ்ஹில்_வாத்தியார்:
என் 'நம்' கேட்க வேண்டுமென்றால் நீங்கள்தான் ரோஸ் ஹில் வர வேண்டும். 4 மணிக்கு.