கல்வெட்டு படிப்பவர்களோடு போன அனுபவம் யாருக்காவது உண்டா?

கரூர்க்காரன்:
கரூர் பசுபதீஸ்வரர் கோயில். ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியர் ஒருவர் ஞாயிறுதோறும் ஆட்களைக் கூட்டிப் போய்ப் படித்துக் காட்டுவார். அங்கே கம்மாளர் கல்வெட்டு ஒன்று உண்டு. கம்மாளர் என்றால் தச்சர், கொல்லர், தட்டார் போன்ற கைவினைஞர்கள், அதாவது ஆசாரிமார். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்தார். வெறும் கல்லாக இருந்த இடத்தில் எழுத்து எழுந்து வந்தது. வெங்கால நாடு என்ற அந்தக் காலப் பகுதியின் கம்மாளர் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போனால் செருப்புப் போடலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம் என்று ஒரு ராசாவின் ஆணை. "அப்படின்னா அதுக்கு முன்னாடி?" என்று கேட்டு நிறுத்தினார். என் தாத்தா ஆசாரி. கோயில் என்பதால் எல்லோருமே வெறுங்கால்தான். நான் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நொய்யல்கரை:
இதை ராசா கொடுத்த பரிசு மாதிரி பேசாதீங்க. கேட்காமலா கொடுத்திருப்பான்? எந்த ராசா என்பதிலேயே சர்ச்சை. கல்வெட்டில் இருக்கும் கோநேரின்மைகொண்டான் என்பது பல ராசாக்கள் வைத்துக்கொண்ட பட்டம். அதில் 15 என்று ஆண்டு இருந்தால் அது ஆட்சியாண்டு, கி.பி. கணக்கு இல்லை. பேரூரில் ஒருவர் மைப்படி, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் நகல், எடுத்ததை நானும் பார்த்தேன், அவ்வளவுதான் என் கதை. ஆனால் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: சாக்பீஸ் தேய்க்காதீர்கள், எண்ணெய் தடவவே கூடாது. படி எடுக்கச் சுவரைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். ஈரம் சுண்டியதும் மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். அது தெரியாதவர்கள் போனில் எடுங்கள், காலை வெயில் சாய்வாக விழும்போது.

கரூர்க்காரன்:
பரிசு என்று நான் எங்கேங்க சொன்னேன்?

பெருந்துறை அக்கா:
எங்கள் பக்கம் ஒரு கோயில், பெயர் வேண்டாம். கும்பாபிஷேகத்துக்கு மணல் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்தார்கள். பளிச்சென்று இருக்கிறது என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதே நான்தான். அதைப் பார்த்துவிட்டு ஒரு ஆய்வாளர் அம்மா பஸ் ஏறி வந்தார். இருபது வருடத்துக்கு முன் அவரே படியெடுத்த சுவராம். உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. "படி எங்கிட்ட இருக்குது கண்ணு, கல்லுதான் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தூணடியில் உட்கார்ந்துவிட்டார். போட்டோ போட்டது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

கரூர்க்காரன்:
அதில் என்ன எழுதியிருந்ததாம் அக்கா?

பெருந்துறை அக்கா:
சந்தி விளக்கெரிக்க ஒரு பொம்பளை மூன்று அச்சு, அந்தக் காலத்துக் காசு, கொடுத்திருக்கிறாள். பெயரைக்கூடச் சொன்னார். எனக்குத்தான் மறந்துபோச்சு.