நாலு தறி வைத்திருப்பவன் எந்த வர்க்கம்?

நாலுதறி (பல்லடம்):
போன மாதம் ஏதோ ஒரு கணக்கெடுப்புக்காக ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். ஃபிரிட்ஜ் உண்டா, மோட்டார் சைக்கிள் உண்டா, தரை என்ன தரை, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறதா என்று ஒரு மணி நேரம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்றேன். தறிக்கூடத்தின் பேரில் இருக்கும் கடனைப் பற்றியோ, வராத கூலியைப் பற்றியோ ஒரு கேள்விகூட இல்லை. கிளம்பும்போது "வசதியான வீடு அண்ணா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு என் மனைவியின் வளையல் அடகுக் கடையில் இருந்தது. இப்படி எண்ணித்தான் நாட்டில் யார் ஏழை, யார் பணக்காரர் என்று முடிவு செய்கிறார்களா?

ஈரோட்டு டீச்சர்:
வேறு எப்படி எண்ணுவது அண்ணா? மாத வருமானம் எவ்வளவு என்று மஞ்சள் விவசாயியிடம் கேட்டால் மாசியில் ஒரு பதில் வரும், ஐப்பசியில் வேறொரு பதில் வரும். அதனால்தான் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (உதாரணத்துக்கு, 2019-21 சுற்று) வீட்டையும் சாமான்களையும் வைத்துக் குறியீடு போடுகிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் புள்ளியியல் முறையில் ஒரு எடை உண்டு. பிறகு எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஐந்து சம பங்காக வெட்டுகிறார்கள். அந்தக் குறியீடு ரூபாய்க் கணக்கு இல்லை, வரிசையில் உங்கள் இடம், அவ்வளவுதான். கடனைக் கேட்பதற்கு அகில இந்தியக் கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பு தனியாக 2019-இல் நடந்தது.

லோடுலாரி (நாமக்கல்):
அந்த வரிசையே கோணல். 2006-க்குப் பிறகு அரசு வீடு வீடாகக் கலர் டிவி கொடுத்தது. 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. இவற்றில் டிவியும் விசிறியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இலவசமாக வந்த பொருளுக்கு மதிப்பெண் போட்டால் எங்கள் ஊர்க் கூலிக்காரர் பீகார் கூலிக்காரரைவிட மேலே போய்விடுவார்.

ஈரோட்டு டீச்சர்:
மேலேதான் இருக்கிறார்! விசிறி யார் கொடுத்தாலும் காற்று ஒன்றுதான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தியா முழுவதற்கும் ஒரே வரிசை என்பதால் நம் ஆட்கள் மேல் பங்குகளில் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு மங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் தனியாக வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும்.

லோடுலாரி (நாமக்கல்):
ஒரு குடும்பம் எந்த வர்க்கம் என்று மதிப்பெண் போடும் குப்புசாமி அளவுகோல் இதைவிட வேடிக்கை. 1976-இல் நகரக் குடும்பங்களுக்காக வந்தது. குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில், குடும்ப வருமானம் மூன்றும் சேர்த்து 29 மதிப்பெண். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஆய்வுக்கு இன்னும் இதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டவுனில் குடியிருக்கும் கோழிப்பண்ணை முதலாளி ஐந்தாம் வகுப்புதான் என்றால் படிப்புக்கு அவருக்கு 2. அவரிடம் கணக்கு எழுதும் பட்டதாரிக்கு 6!

ஈரோட்டு டீச்சர்:
வருமானத்துக்கு மட்டும் 12 வரை உண்டே, உங்கள் முதலாளி அங்கே பிடித்துவிடுவார். உண்மையைச் சொன்னால்.

நாலுதறி (பல்லடம்):
நீங்கள் எங்கேயோ போய்விட்டீர்கள். எனக்கு வந்த பட்டியலில் தண்ணீர் பம்பு இருந்தது, டிராக்டர் இருந்தது, தையல் இயந்திரம்கூட இருந்தது. தறி இல்லை. நானே சொல்லிப் பார்த்தேன், அதற்குக் கட்டம் இல்லை அண்ணா என்றார் அந்தப் பெண்.

ஈரோட்டு டீச்சர்:
கட்டம் இருந்தால் தறியைச் சொத்து என்று எழுதச் சொல்வீர்களா, கடன் என்றா?

நாலுதறி (பல்லடம்):
இந்த வாரம் தறியில் ஏற்றப் பாவு நூல் வரவில்லை டீச்சர். இரும்பு என்று எழுதச் சொல்வேன்.