டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, உண்ணிக்காய்ச்சலாம். அம்மாவை இனி கொல்லைக்கு அனுப்பலாமா?

அணைக்கட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம், மலையடிவாரம். நான் ஒரகடத்தில் வேலை பார்க்கிறேன். அம்மாவும் தம்பியும் ஊரில். இரண்டு கறவை மாடு, ஒரு ஏக்கர் மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லை, மழை பெய்தால் கொஞ்சம் நெல்.

மார்கழி பிறந்ததும் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. குளிர் நடுக்கம், மண்டையைப் பிளக்கிற தலைவலி, கண் சிவப்பு. பக்கத்து ஊர் கிளினிக்கில் டெங்கு டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை. தட்டணுக்கள் மட்டும் குறைந்திருந்தன. அப்புறம் டைபாய்டு லேசாக இருக்கிறது என்று சொல்லிக் காலையும் மாலையும் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை. ஒரு வாரம் தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. படி ஏற முடியாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று தம்பி போன் செய்தான்.

வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். இரவுப் பணியில் இருந்த பெண் மருத்துவர் திரையை இழுத்துவிட்டு உடம்பு முழுக்கப் பார்த்திருக்கிறார். இடது மார்புக்குக் கீழே, ஜாக்கெட் விளிம்பு படுகிற மடிப்பில், கருப்பாக ஒரு பொருக்கு. ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லி டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை ஏற்றினார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. இப்போது சாதாரண வார்டில் இருக்கிறார், கஞ்சி குடிக்கிறார்.

"அந்தப் புண்ணை முன்னாடியே பார்க்கலையா?" என்று கேட்டேன். "ஜாக்கெட் உரசினதுன்னு நெனச்சேன். அதப் போய் யார்கிட்ட காட்டுறது?" என்றார்.

இது எப்படி வந்தது? வீட்டு நாய்க்கு உண்ணி உண்டு, அதுதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் நாயை விரட்டச் சொல்கிறார்கள். என் பையனுக்கு 3 வயது. பொங்கலுக்கு ஊருக்குக் கூட்டிப்போகலாமா, அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொள்ளுமா? மறுபடியும் வருமா? மாட்டை விற்றுவிடலாம் என்றால் அம்மா அழுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலையடி நர்ஸ்:

தம்பி, அம்மா தேறிவிட்டார் என்று படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஜவ்வாது மலை அடிவாரத்தில்தான் பெரும்பாலும் வேலை. இந்தக் காய்ச்சலை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நாயை விடுங்கள். நாய் மேலே கொழுகொழுவென்று ஒட்டியிருக்கிற உண்ணி வேறு. இது மண்ணில் வாழ்கிற ஒரு சின்னப் பூச்சி. வளர்ந்த பூச்சி யாரையும் கடிக்காது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுதான் கடிக்கும், அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. ஆறு கால், ஆரஞ்சு நிறம், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். புல் நுனியிலும் சருகிலும் உட்கார்ந்திருக்கும். எலி போனால் எலி மேல் ஏறும், மனிதர் போனால் மனிதர் மேல் ஏறும். கிருமி தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது. அதனால் ஒரே வரப்பில் ஓரிடத்தில் இருக்கும், பத்தடி தள்ளி இருக்காது.

மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டாது. பேரனைத் தாராளமாக அம்மா மடியில் உட்கார வையுங்கள்.

இனி நான் சொல்ல வந்தது. இந்தக் குஞ்சு காலில் ஏறி, துணி இறுக்கமாக இருக்கிற இடம் வரை போகும். அங்கேதான் கடிக்கும். பாவாடை நாடா கட்டுகிற இடுப்பு, மார்புக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு. அத்தனையும் நம் பெண்கள் மருத்துவரிடம் காட்டாத இடம். வலிக்காது, அரிக்காது, அதனால் அவர்களுக்கே தெரியாது. ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். அதற்குள் அந்த இடத்தில் ஒரு பரு எழும்பி, நீர் கோத்து, உடைந்து, ஊதுபத்தி சுட்டது போலக் கருப்புப் பொருக்காகிவிடும், சுற்றிலும் சிவந்த வளையம். அக்குள் மாதிரி ஈரமான இடம் என்றால் பொருக்கே இருக்காது, மேலோட்டமான புண்ணாக மட்டும் தெரியும். பக்கத்தில் நெறி கட்டியிருக்கும். அதையும் தடவிப் பார்க்க வேண்டும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும் அதிகம், ஆண்களுக்கு அக்குளிலும் தொடை இடுக்கிலும் அதிகம். சட்டைக்கு மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தால் இது எப்படித் தெரியும்? உங்கள் அம்மாவைக் காப்பாற்றியது அந்த டாக்டரம்மா இழுத்துவிட்ட திரை.

எங்கள் பக்கம் ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் என்றால் நான் வீட்டுக்கே போய்விடுவேன். ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, மகளையோ மருமகளையோ பக்கத்தில் நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்ப்பேன். தலைமுடியை விலக்கி, காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குளைத் தூக்கி, மார்பைத் தூக்கி, தொப்புள், நாடாத் தடம், தொடை இடுக்கு, முட்டிக்குப் பின்னால், கடைசியில் முதுகும் புட்டமும். "என்னத்தம்மா தேடுற, எனக்கு வெக்கமா இருக்கு" என்பார்கள். "காட்டுப்பூச்சி கடிச்சிருக்கான்னு பாக்கறேன் பெரியம்மா, அதுக்குத்தான் வந்தேன்" என்பேன். கூச்சப்பட வேண்டியது நம் பெண்கள் இல்லை. உடம்பைப் பார்க்காமலே மருந்து எழுதுகிற அவசரம்தான் கூச்சப்பட வேண்டும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பொருக்கு எல்லாருக்கும் இருக்காது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் உண்ணிக்காய்ச்சல் இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

லேப் டெக்னீஷியன் திருவண்ணாமலை:

நர்சம்மா சொன்னதோடு ரத்தப் பரிசோதனை பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

டைபாய்டுக்கு எடுப்பது விடால் டெஸ்ட். ஒரே ஒரு முறை எடுத்து, அளவு லேசாக உயர்ந்திருந்தால் டைபாய்டு என்று முடிவு கட்டுவது நம்மூரில் வழக்கமாகிவிட்டது. எப்போதோ வந்துபோன டைபாய்டும், தடுப்பூசியும், வேறு காய்ச்சல்களும்கூட அந்த அளவை உயர்த்திக் காட்டும். உங்கள் அம்மாவுக்குப் போட்டது பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியாக இருக்கும். அந்த வகை மருந்துகள் பாக்டீரியாவின் வெளிச்சுவரைத் தாக்குபவை. இந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வது, இதனிடம் அவை செல்லாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின்தான் கேட்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின்.

உண்ணிக்காய்ச்சலுக்கு ஐ.ஜி.எம். எலைசா எடுப்போம், கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் டெஸ்ட் அது. முதல் சில நாளில் எடுத்தால் நெகட்டிவ் வரும், ஒரு வாரம் ஆகும்போதுதான் காட்டும். ஆகவே நல்ல மருத்துவர்கள் சந்தேகம் வந்தாலே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள், ரிசல்ட்டுக்குக் காத்திருக்க மாட்டார்கள். வெயில்-ஃபெலிக்ஸ் என்று பழைய டெஸ்ட் ஒன்று சின்ன லேப்களில் இன்னும் இருக்கிறது. மலிவு, ஆனால் நிறையப் பேரைத் தவற விட்டுவிடும்.

தட்டணுக்கள் குறைவதும் கல்லீரல் என்சைம் கூடுவதும் இதிலும் உண்டு. டெங்கு சீசனில் இது மறைந்துபோவதற்கு அதுவே காரணம். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் மூன்றும் மழைக்குப் பின்னால் கைகோத்துக்கொண்டு வருகின்றன. உண்ணிக்காய்ச்சல் நம் வட மாவட்டங்களில் ஆகஸ்டில் தொடங்கி பிப்ரவரி வரை நிற்கும்.

மூச்சுத்திணறல், மூளைக்காய்ச்சல், சிறுநீரகப் பாதிப்பு என்று முற்றிப்போனவர்களுக்கு எந்த மருந்து நல்லது என்று சி.எம்.சி. முன்னின்று 7 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2023ல் வெளிவந்தது. கிட்டத்தட்ட 800 நோயாளிகள். மரணம், ஒரு வாரமாகியும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் இறங்காத காய்ச்சல், இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆளானவர்கள் ஒற்றை மருந்து ஏற்றியவர்களில் 47, 48 சதவீதம். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஏற்றியவர்களில் 33 சதவீதம். மரண எண்ணிக்கையில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. முற்றிய பிறகு எந்த மருந்து கொடுத்தாலும் இவ்வளவு பேர் அவதிப்படுகிறார்கள் என்பதுதான் எனக்கு அதில் உறைத்தது. முதல் வாரத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே முடிந்துவிடுகிற நோய் இது.

கிள்ளான் செல்வம்:

நான் மலேசியா. இங்கே செம்பனைத் தோட்டங்களில் இது பழைய கதை. 1920களிலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து டாக்டர்கள் தோட்டத்தில் வரும் இந்தக் காய்ச்சலையும் நகரத்தில் வரும் டைபஸையும் பிரித்துப் பார்த்தார்கள். அப்போது தோட்டத்தில் வேலை செய்தவர்களில் நம் ஆட்கள் ஏராளம். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டில் சிப்பாய்களையும் இது வாட்டியெடுத்தது. 1948ல் க்ளோராம்ஃபெனிகால் மருந்தை இதற்குக் கொடுத்துப் பார்த்ததும் கோலாலம்பூரில்தான், அதுவரை இதற்கென்று நல்ல மருந்து கிடையாது. இத்தனை காலமாக மருந்து இருந்தும் ஒரு தாய் ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது என்பதைப் படிக்க வருத்தமாக இருக்கிறது. அம்மா நலம் பெறட்டும்.

மண்வெட்டி:

எங்கள் தெருவில் ஒருவருக்கு வந்ததும் வீட்டைச் சுற்றி குளோர்பைரிபாஸ் பூச்சிக்கொல்லி அடித்துவிட்டோம். எலியை ஒழிக்க எலி பேஸ்ட்டும் வைக்கலாம் என்று பேச்சு. இது பலன் தருமா நர்சம்மா?

மலையடி நர்ஸ்:

தயவுசெய்து பேஸ்ட் மட்டும் வேண்டாம் அண்ணா. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்டைத் தமிழக அரசே தடை செய்திருக்கிறது. ஒரு குழந்தை பற்பசை என்று நினைத்து நக்கினால் கல்லீரல் போய்விடும், அதற்கு முறிவு மருந்தும் கிடையாது. பூச்சிக்காய்ச்சலுக்குப் பயந்து வீட்டுக்குள் விஷத்தை வைப்பது நியாயமா, சொல்லுங்கள். குளோர்பைரிபாஸும் குழந்தை தவழும் வாசலில் அடிக்கிற மருந்து இல்லை.

வீட்டை ஒட்டிய புதரையும் புல்லையும் வெட்டிச் சுத்தமாக வையுங்கள். விறகையும் மல்லாட்டைக் கொடியையும் சுவரோரம் குவிக்காமல் தள்ளிப் போடுங்கள். எலி தங்க இடம் இல்லாமல் போனால் பூச்சியும் குறையும். எலிக்கு இரும்புப் பொறி போதும்.

அணைக்கட்டுக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாயை விரட்டவில்லை, தம்பியிடம் சொல்லிவிட்டேன். நாளை டிஸ்சார்ஜ் என்கிறார்கள், மீதி நாளுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். நர்சம்மா, மறுபடியும் வருமா, கொல்லைக்குப் போகலாமா என்று மட்டும் சொல்லுங்கள். அம்மா இப்போதே மாட்டுக்கு யார் புல் அறுப்பது என்று கேட்கிறார்.

மலையடி நர்ஸ்:

மறுபடியும் வரலாம் தம்பி. ஒருமுறை வந்தால் கிடைக்கிற எதிர்ப்புச் சக்தி ரொம்ப நாள் நிற்காது, கிருமியிலும் பல ரகம் உண்டு. தடுப்பூசி கிடையாது. அதற்காக மாட்டை விற்க வேண்டாம், அந்த வருத்தமே அம்மாவைப் படுக்க வைத்துவிடும்.

உடம்பு தேறுகிற வரை ஒரு மாதம் தம்பி புல் அறுக்கட்டும். அப்புறம் அம்மா போகும்போது புடவை மேல் முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்று நடப் போகிறவர்கள் போடுவார்களே, அந்த மாதிரி. உள்ளே ஒரு பேண்ட் போட்டு அதன் நுனியைச் சாக்ஸுக்குள் விட்டால் இன்னும் நல்லது. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மருந்துக்கடையில் டீட் கலந்த கொசுவிரட்டி களிம்பு கேட்டு வாங்கி, கணுக்காலிலும் கையிலும் தடவ வேண்டும். புல் மேல் உட்கார்ந்து சாப்பிடுவதும், துவைத்த துணியை வேலிச்செடி மேல் உலர்த்துவதும் வேண்டாம், கொடி கட்டிக்கொள்ளுங்கள். துண்டைக் கூட வரப்பில் போடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியை வெந்நீரில் ஊறப்போட்டு, உடம்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்க வேண்டும். கடித்த பூச்சி உடனே கிருமியை இறக்கிவிடாது, தேய்த்துக் குளித்தாலே விழுந்துவிட வாய்ப்பு உண்டு.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சொம்புத் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். விழுங்கியதும் படுக்கக் கூடாது, தொண்டைக்குக் கீழே மாட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். காய்ச்சல் விட்டதே என்று நடுவில் நிறுத்தவும் கூடாது. பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போட வேண்டாம்.

அப்புறம் உங்கள் தெருப் பெண்கள் அம்மாவைப் பார்க்க வருவார்கள். அந்தப் பொருக்கு எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்று அம்மாவையே அவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட அவர் சொன்னால் கேட்பார்கள். இந்த மாதம் அங்கே யாருக்காவது ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால், அவர்களே தேடிப் பார்த்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டட்டும். டாக்ஸிசைக்ளின் அங்கேயே இலவசமாகக் கொடுப்பார்கள்.