டாஃப்ட் பங்க்கின் ‘ஹ்யூமன் ஆஃப்டர் ஆல்’: கேட்டபோது நடந்தது எது, இன்னும் உறுத்துவது எது?

கருப்புத்தட்டு

பிரெஞ்சு எலெக்ட்ரானிக் இசை இரட்டையரான டாஃப்ட் பங்க்கிடமிருந்து 2005 மார்ச்சில் வந்த இந்த ஆல்பத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டே பதில்தான். ஒருவர் பேரைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார், இன்னொருவர் தலையில் தூக்கிவைத்து ஆடுவார். இங்கே விமர்சனம் வேண்டாம். அதைக் கேட்டபோது நடந்த ஒரு சம்பவம், இன்றுவரை மனதை விட்டுப் போகாதது எதுவோ, அதை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

பெங்களூரில் பழைய இசைத்தட்டுகள் சேர்க்கும் பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டே பிரேக்வாட்டர் குழுவின் 1980 தட்டு ஒன்றை உறையிலிருந்து எடுத்து, பஞ்சால் துடைத்து, முள்ளை இறக்கினார். ‘ரிலீஸ் தி பீஸ்ட்’. சில நொடிகள்தான். எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்படியே இந்த ஆல்பத்தின் ‘ரோபாட் ராக்’ பாட்டு! அதே முழக்கம், அதே அடி. “என்னப்பா, பாட்டு பிடிக்கலையா?” என்று கேட்டார். பிடித்ததுதான் பிரச்சினை.

இதற்கு முந்தைய ஆல்பமான ‘டிஸ்கவரி’யின் ‘ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்’ கூட எட்வின் பேர்ட்சாங்கின் 1979 பாட்டிலிருந்து எடுத்ததுதான். அங்கே அதை நறுக்கி, குரலை மேலே ஏற்றி, வேறொன்றாகவே ஆக்கியிருந்தார்கள். ‘ரோபாட் ராக்’கில் எடுத்ததை எடுத்தபடி சுழலவிட்டிருக்கிறார்கள். பிரேக்வாட்டர்காரரின் பெயரையும் பாட்டில் போட்டிருக்கிறார்கள், அதனால் திருட்டு என்று சொல்லமாட்டேன். ஆனால் ‘டிஸ்கவரி’ செய்த கைகள் இவ்வளவுதான் செய்யுமா என்று அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் மாடி விடுதி

என் கதை சின்னது. பொறியியல் கல்லூரி விடுதி. ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் கசிந்துவிட்டது. எங்கள் மாடியில் ஒரே ஒரு கணினி, அதில் பாட்டு போட வின்ஆம்ப். ராத்திரி முழுக்க இறக்கிவைத்து, காலையில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து ‘ரோபாட் ராக்’ போட்டோம். இரண்டு நிமிடம் போயிருக்கும். பக்கத்து அறைக்காரன் வாயில் பிரஷ்ஷோடு உள்ளே வந்தான். எங்கள் யாரையும் கேட்காமல் நேராக விசைப்பலகையில் நாலு தட்டு தட்டினான். பாட்டு சிக்கிக்கொண்டது என்று நினைத்துவிட்டான்.

“சிக்கலடா, பாட்டே இப்படித்தான்” என்றோம். திரையில் நேரம் ஓடுவதைக் குனிந்து பார்த்தான். நுரையோடு அப்படியே நின்றான். கோப்பே போலி என்று அடித்துச் சொன்னான். யாரோ டாஃப்ட் பங்க் பேரில் எதையோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், உண்மையான ஆல்பம் பிறகு வரும் என்றான். எங்களில் பாதிப் பேர் அதை நம்பினோம். உண்மையான ஆல்பத்துக்காகக் காத்திருந்தோம். வந்தது இதேதான்.

லாச்சப்பல் பெடியன்

எங்கட வீட்டில் டாஃப்ட் பங்க் என்றால் அண்ணாதான். பாரிஸில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அவர்கள் இரண்டு பேரும் ஊர்ப் பெடியன்கள் மாதிரி. அவர்களின் முதல் ஆல்பம் ‘ஹோம்வொர்க்’ வந்தபோது நான் சின்னவன், அண்ணாவின் அறைக் கதவுக்கு வெளியே இருந்து கேட்டிருக்கிறேன். இந்த இறுவட்டை வெளியான கிழமையே வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு தரம் முழுக்கக் கேட்டார். ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாள் என் மேசையில் வைத்துவிட்டு, “இந்தா, நீ வைச்சுக்கொள்” என்றார். அவர் எனக்கு அதுவரைக்கும் எதையும் அப்படித் தந்ததில்லை.

2007 ஜூன் 14, பெர்சி அரங்கம். ‘அலைவ் 2007’ என்ற அவர்களின் மேடை ஆல்பம் பதிவானது அந்த இரவுதான். அண்ணாவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இருட்டில் அந்த இயந்திரக் குரல் ‘ரோபாட்’, ‘ஹ்யூமன்’ என்று மாறி மாறிச் சொல்லத் தொடங்கியது. முதலில் ஆறுதலாக, பிறகு வேகமாக, பிறகு இரண்டு சொல்லும் ஒன்றாகும் வரைக்கும். திரை விலகி, அவர்கள் நிற்கும் பிரமிட் மேடையில் வெளிச்சம் எரிந்தது, ‘ரோபாட் ராக்’ விழுந்தது. சனம் முழுக்கத் துள்ளியது. அண்ணா துள்ளவில்லை, வாயைத் திறந்தபடி நின்றார்.

ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது கடைசிப் பகுதி. மேடைக்குத் திரும்பி வந்தபோது அவர்கள் இரண்டு பேருடைய உடுப்பின் ஓரங்களிலும் சிவப்புக் கோடுகள் எரிந்தன. ‘ஹ்யூமன் ஆஃப்டர் ஆல்’, அதற்கு மேலே ‘டுகெதர்’, அதற்கு மேலே ‘ஒன் மோர் டைம்’. அண்ணா என் காதுக்குக் கிட்ட வந்து, “அந்த இறுவட்டு எங்கை?” என்று கத்தினார். என்னிடமே இருக்கிறது என்றேன். “திருப்பித் தா” என்றார்.

நான் கொடுக்கவில்லை. இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் இப்போது வேறு நாட்டில். தொலைபேசியில் கதைக்கும்போது இடைக்கிடை கேட்பார்.

டிஜே கோவை

கருப்புத்தட்டு அண்ணே, லூப்பை, அதாவது ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டது சோம்பேறித்தனம் என்றால் ஹவுஸ் என்கிற நடன இசையில் பாதியைத் தூக்கிப் போடவேண்டியதுதான். சரி, என் கதை. கல்லூரி கல்சுரல்ஸ் ஒன்றில் ‘டெக்னாலாஜிக்’ போட்டேன். வாங்கு, உபயோகி, உடை, சரிசெய் என்று அந்தக் குரல் கட்டளைகளை அடுக்க ஆரம்பித்ததும் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. கோபமில்லை, சலிப்புமில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மேடை ஓரத்தில் லைட் போர்டில் இருந்த பையன் மட்டும், எங்களோடு வேலைக்கு வந்தவன், அந்தப் பாட்டை முன்னே பின்னே கேட்டிருக்க மாட்டான், ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு விளக்கைத் தட்டினான். ஒன்றுகூடத் தவறவில்லை.

இப்போது புதிதாக வரும் தம்பிகளுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இந்த ஆல்பத்தின் எந்த டிராக்கையும் முழுசாகப் போடாதீர்கள். இதிலிருப்பவை மூலப்பொருள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அலைவ் 2007’ஐ எடுத்து ஒவ்வொரு டிராக்கின் பெயரையும் பாருங்கள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் இரண்டு பாட்டு சேர்ந்திருக்கும். ‘டெலிவிஷன் ரூல்ஸ் தி நேஷன்’ தனியாகக் கேட்டால் கனமாக அழுத்தும். அதன் மேல் ‘டிஸ்கவரி’யின் ‘கிரெசெண்டால்ஸ்’ வந்து விழும்போதுதான் அந்தக் கனம் எதற்கென்று புரியும். ‘டெக்னாலாஜிக்’கோடு ராப் பாடகர் பஸ்டா ரைம்ஸின் ‘டச் இட்’டைச் சேர்த்திருக்கிறார்கள். ‘டச் இட்’டே ‘டெக்னாலாஜிக்’கிலிருந்து பிறந்த பாட்டு, இசைத் தயாரிப்பாளர் ஸ்விஸ் பீட்ஸ் செய்தது. ஆக அப்பனும் மகனும் ஒரே மேடையில்.

வேகம் பார்த்துச் சேருங்கள். ‘ரோபாட் ராக்’ நிதானமான நடை, அதை வேகமான ஹவுஸ் டிராக்குக்குப் பக்கத்தில் வைத்தால் கூட்டத்தின் கால் பின்னிக்கொள்ளும். செட்டின் தொடக்கத்தில் வையுங்கள், அவர்களும் அங்கேதான் வைத்தார்கள். ‘பிரெய்ன்வாஷர்’ வேண்டுமென்றால் பேஸைக் கொஞ்சம் இறக்கி, ‘ரோலின் அண்டு ஸ்கிராட்சின்’ பக்கம் கொண்டுபோங்கள். இரண்டும் இரைச்சல், ஆனால் இரண்டின் இரைச்சலும் வேறு வேறு உயரத்தில் இருப்பதால் மோதாது. கல்யாண வரவேற்பில் மட்டும் தயவுசெய்து இந்த ஆல்பத்தைத் தொடாதீர்கள். பெண்வீட்டுத் தாத்தாக்கள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டிருப்பார்கள்.

இன்னொன்று. 128 கேபிபிஎஸ் கோப்பு வைத்துக்கொண்டு இதை வாசிக்காதீர்கள். கிட்டாரின் சிராய்ப்புதான் இந்த ஆல்பத்தின் உயிர். மட்டமான கோப்பில் அது வெறும் தகரச் சத்தமாகிவிடும்.

பின்வரிசை

எல்லோரும் ‘ரோபாட் ராக்’கைச் சுற்றியே வருகிறீர்கள். ‘தி பிரைம் டைம் ஆஃப் யுவர் லைஃப்’ வீடியோவை யாராவது பார்த்தீர்களா? டோனி கார்ட்னர் இயக்கியது. ஒரு சிறுமி. தொலைக்காட்சியில், சுவரிலிருக்கும் புகைப்படங்களில், எங்கே பார்த்தாலும் அவளுக்கு எலும்புக்கூடுகள்தான் தெரியும். தான் மட்டும் தோலும் சதையுமாக இருக்கிறோமே என்று குளியலறைக்குப் போவாள். அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

என் அறைத்தோழியோடு மடிக்கணினியில் அதைப் பார்த்தேன். அந்த வருடம் அவள் சாப்பிடுவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தாள். எங்கள் யாருக்கும் அதைச் சரியாகப் பேசத் தெரியவில்லை. “டயட்டா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவோம். பாட்டின் கடைசியில் அடி வேகமெடுக்குமே, ஓடி ஓடி மூச்சு வாங்குவது மாதிரி, அந்த இடத்தில் அவள் கையை நீட்டித் திரையை மூடினாள். மூடிய பிறகும் உள்ளேயிருந்து பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு அப்படித்தான் தெரியுது” என்றாள்.

மறுநாள் அவளுடைய அக்காவுக்கு போன் செய்தேன். மருத்துவர், சிகிச்சை என்று நீண்ட காலம் போனது. இப்போது நன்றாக இருக்கிறாள். இந்த ஆல்பத்தில் உணர்ச்சி இல்லை, வெறும் இயந்திரம் என்று யாராவது எழுதும்போது எனக்குத் தாங்க முடிவதில்லை.

தறியோசை

டிஜே கோவை, கல்யாண வீட்டை விடுங்கள், நான் இதைத் தறிக்கூடத்தில் போட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அப்பா தறி ஓட்டுவார். நான் விடுமுறைக்கு வந்தால் இரவு ஷிப்டில் அவரோடு நிற்பேன். ஒருநாள் மின்சாரம் போயிருந்த நேரத்தில், தறியெல்லாம் நின்று காது அடைத்த மாதிரி இருந்தபோது, சின்ன ஸ்பீக்கரில் ‘ஸ்டீம் மெஷின்’ போட்டேன். ஆவி சீறுவது மாதிரி ஒரு சத்தம், அதற்கடியில் கனமான அடி, மேலே அந்தக் கரகரத்த குரல்.

அப்பா பஞ்சு படிந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். எழுந்து போகவில்லை, நிறுத்து என்றும் சொல்லவில்லை. தலையைச் சாய்த்து, தறிச் சத்தத்தில் கோளாறு எங்கே என்று தேடும்போது எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார். பாட்டு முடிந்ததும், “நல்லாத்தான் ஓடுது. ஆனா இதுல நூல் அறுந்தா யாருப்பா நிறுத்துவாங்க?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மின்சாரம் வந்தது, எழுந்து தறிக்குப் போய்விட்டார். இந்த ஆல்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எத்தனையோ விமர்சனங்கள் படித்துவிட்டேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

மூன்றாம் மாடி விடுதி

தறியோசை, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆனால் டிஜே அண்ணா சொன்ன ‘மூலப்பொருள்’ கணக்கை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மூலப்பொருளுக்கு யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? 2001இல் வந்த ‘டிஸ்கவரி’க்கு இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்தார்கள். இதை 2004 இறுதியில் சுமார் ஆறே வாரத்தில் முடித்தார்கள். பேட்டியும் கொடுக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். பிறகு மேடையில் பழைய பாட்டுகளைத் தாங்கல் கொடுத்து நிறுத்தியதும் எல்லோரும் ‘ஆகா, இதற்காகத்தான் செய்தார்கள்’ என்கிறார்கள். 2009இல் கிராமி வாங்கியது ‘அலைவ் 2007’, இந்த ஆல்பம் அல்ல. நாங்கள் பத்துப் பேர் அந்தக் காலையில் கேட்டது மேடையை அல்ல. பாட்டை.

நள்ளிரவு வண்டி

ஆறு வாரம் ஆறு வாரம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே, விடுதி நண்பா, வேகமாகச் செய்ததால்தான் இதில் பூச்சு இல்லை. பூச்சு இல்லாததுதான் எனக்கு வேண்டும். லாச்சப்பல் தம்பி, உங்கள் பெர்சி கதை அருமை. ஆனால் மேடைதான் இந்த ஆல்பத்தைக் காப்பாற்றியது என்பதை நானும் ஏற்கமாட்டேன், வேறு காரணத்துக்காக.

சென்னையில் கால் சென்டர் வேலை. விடியற்காலை மூன்று மணிக்கு அலுவலக வண்டி வீட்டில் கொண்டுவிடும். கடைசியாக இறங்குவது நான்தான். ஒரு இரவு ஹெட்ஃபோன் பழுதாகிவிட்டது. ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டு வண்டியின் ஸ்பீக்கரில் ‘எமோஷன்’ போட்டேன். ஆல்பத்தின் கடைசி டிராக், ஏறக்குறைய ஏழு நிமிடம், ஒரே ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப. மத்திய கைலாஷ் சிக்னல் தாண்டும்வரை அண்ணன் பேசவில்லை. அப்புறம் சத்தத்தைக் குறைத்துவிட்டு, “தம்பி, இது யாரையோ கூப்பிட்டுட்டே இருக்கு. அந்த ஆளு வந்தாங்களா?” என்றார். மறுபடி சத்தத்தைக் கூட்டினார்.

அதே குரலை மேடையில் வேறு பாட்டுகளோடு சேர்த்தால் அந்த ஆள் வந்துவிடுவார், கூட்டமே வந்துவிடும். எனக்கு அது வேண்டாம். ஆல்பத்தில் யாரும் வருவதில்லை, அதனால்தான் நான் கேட்கிறேன். ‘மேக் லவ்’வும் அப்படித்தான். அதைப் பற்றி இங்கே ஒருவர்கூட எழுதவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 2021 பிப்ரவரி 22 அன்று பிரிகிறோம் என்று அறிவிக்க அவர்கள் போட்ட வீடியோ எது? இந்த ஆல்பத்தை ஒட்டி 2006இல் எடுத்த ‘எலெக்ட்ரோமா’ படத்தின் காட்சி. பாலைவனத்தில் நடந்துபோய், ஒருவர் இன்னொருவரின் முதுகிலுள்ள பொத்தானை அழுத்துவாரே, அதுதான். ‘டிஸ்கவரி’யிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

கருப்புத்தட்டு

காட்சி 2006. ஆனால் பொத்தான் அழுத்தப்பட்டவர் வெடித்துச் சிதறிய பிறகு பின்னால் ஒலித்த பாட்டு 2013இல் வந்த ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரிஸ்’ ஆல்பத்தின் ‘டச்’. அதை விட்டுவிட்டீர்களே. படத்துக்கு ‘ஹ்யூமன் ஆஃப்டர் ஆல்’ காலம், கண்ணீருக்கு வேறு ஆல்பம் என்றுதான் அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரேக்வாட்டர் தட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

‘மேக் லவ்’ பற்றி யாராவது எழுதுங்கள். அதில் எனக்கும் சண்டை இல்லை.